காருக்கு வழி சொல்லும் பெட்டி வாங்கியது

என் மகன் சொன்னது இதுதான்: "இன்னொரு வாட்டி எங்கனா வழி தெரியாம நின்னுகினு எனக்குப் போன் போட்டீங்கன்னா, மறுநாளே காரை வித்துடுவேன் நைனா. அக்காவைப் பாக்கணும்னா பஸ்ல போய்க்கோங்க."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் ராயபுரத்திலிருந்து பெரும்பாக்கம் போகக் கிளம்பினவர்கள். ஸ்ரீபெரும்புதூரில் நின்றுகொண்டிருந்தோம். அவன் வேலையைப் போட்டுவிட்டு பைக்கில் வந்து, எங்களுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டி வந்தான். மகளுக்காக எடுத்துப்போன சங்கரா மீன் பின்சீட்டில் ஐஸ் உருகிக் கிடந்தது. வழி முழுக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வந்தோம். அது மூன்றாவது தடவை.

பஸ்ஸில் போங்கள் என்று அவன் சொன்னது, போகவே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. என் வீட்டுக்காரர் முப்பத்தெட்டு வருஷம் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஓட்டினவர். புயல் நேரத்தில்கூடக் கடலில் அவருக்கு வாந்தி வந்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து மிண்ட் ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் வந்துவிடும். அடுத்தவன் ஓட்டுகிற வண்டி அவர் உடம்புக்கு ஆகாது. நான் தனியாகப் போகலாமென்றால், எந்த பஸ் என்று கேட்க வேண்டும், கண்டக்டரிடம் ஊர் பேரைச் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்துப் பெண்கள் எல்லாரும் கூடை தூக்கி மீன் விற்றார்கள். கூவி விற்க எனக்கு வாய் வராது. அதனால் இறால் உரிக்கிற ஷெட்டில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தேன். இறாலிடம் பேச வேண்டியதில்லை.

மகளுக்குப் பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு. கால்வாய் ஓரமிருந்த அவள் வீட்டை கவர்மெண்டில் எடுத்துவிட்டு அங்கே கொடுத்தார்கள். மருமகன் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. தெரிந்துகொள்கிற பழக்கமும் கிடையாது, அதில் அவள் என் மகள்தான். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் உட்கார்ந்தால்தான் அவள் வாய் திறந்து பேசுவாள். கார் போனால் அதுவும் போச்சு.

அந்தக் காரை லாஞ்சு ஓனர் கொடுத்தார். வீட்டுக்காரர் தொழிலை விட்டுக் கரையேறியபோது, தன் பழைய காரை வைத்துக்கொள்ளச் சொன்னார். இவர் அறுபத்து மூன்று வயதில் டிரைவிங் ஸ்கூல் போய்ப் படித்து, எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினார். ஓட்டுவதில் குறை இல்லை. ஆந்திராப் பக்கம் வரைக்கும் கடலில் போய் ஹார்பர் வாய்க்கு நேராகத் திரும்பி வந்தவருக்கு, அடையாறு தாண்டினால் ஊர் தெரியாது. கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு போனால் தெற்கு என்பது அவர் கணக்கு. கடல் கண்ணில் படுகிற வரைக்கும் அந்தக் கணக்கு சரியாக இருக்கும். யாரையும் நிறுத்தி வழி கேட்கவும் மாட்டார். கடலில் அதற்கு ஆள் கிடையாது.

போனில் வழி பார்க்கலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். பார்த்தோம். அவருடையது பட்டன் போன். என்னுடைய டச் போனில் மகன் வழி போட்டுக் கொடுத்தான். பாதி வழியில், எங்கே வருகிறீர்கள் என்று கேட்க மகளே போன் செய்வாள். அவள் முகம் வரும், வழி போய்விடும். பேசி முடித்தபிறகு அதைத் திரும்பக் கூப்பிட எனக்குத் தெரியவில்லை. இன்னொரு நாள் நெட் தீர்ந்துபோயிற்று. காலையில் நான் சீரியல் பார்த்திருந்தேன், அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை போன் வெயிலில் சூடேறி அணைந்துவிட்டது. அதுதான் ஸ்ரீபெரும்புதூர்.

மகனேதான் ஒரு யோசனையும் சொன்னான். காருக்கென்றே தனியாக ஜி.பி.எஸ். பெட்டி வருகிறதாம். ஊர் மேப் அதற்குள்ளேயே இருக்கும், நெட் வேண்டாம், யாரும் அதற்குப் போன் பண்ண முடியாது. "விலை கம்மியா ஒண்ணு வாங்கிக்கோங்க. பெரிய கம்பெனிதுல்லாம் வேணாம்" என்றான்.

வண்ணாரப்பேட்டையில் கார் சாமான் விற்கிற ஒரு பாய் கடைக்குப் போனோம். போவதற்கு முன்பு காரில் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையிலிருந்து முன்கண்ணாடி வரைக்கும் ஒரு வலை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, பர்ஸில் வைத்துக்கொண்டேன். பெட்டியின் ஒயர் எட்ட வேண்டுமே. கடையில் அதை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தது. முந்தானைக்குள் வைத்தே ஒயரோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். எட்டியது.

பாய் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதல் பெட்டி சோப்பு டப்பா அளவு, யாரோ வைத்திருந்து விற்றது. "இதுல மெட்ரோ ரயிலே கிடையாது அண்ணாத்த. அதுக்கு முந்தின மெட்ராஸு இது" என்று அவரே சொன்னார். மூன்றாவது பெரியது, அதில் சினிமா பார்க்கலாம் என்றார். "அப்ப வண்டிய யாரு ஓட்றது?" என்றார் வீட்டுக்காரர். பாய் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டாவது பெட்டி, ஒரு பள்ளிக்கூட சிலேட்டில் பாதி இருக்கும். தமிழில் பேசும். நான் அதை மெதுவாக வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்தேன், எழுத்து தெரிந்தது. பின்னால் இருந்த ரப்பர் கிண்ணத்தைக் கடைக் கண்ணாடியில் அழுத்திவிட்டு இழுத்தேன். கண்ணாடிக் கதவுதான் என்னோடு வந்தது, கிண்ணம் விடவில்லை. எனக்கு இதுதான் என்று தோன்றியது. சொல்லவில்லை.

பாய் அதைப் போட்டுக் காட்டினார். முதலில் திரையில் ஒரு வரி வந்தது. "எங்க போவணும்னு கேக்குது. எங்க போவணும் அண்ணாத்த?" என்றார்.

வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது.

கடலுக்குப் போகிறவனைக் கிளம்புகிற நேரத்தில் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். கேட்டுவிட்டால் திரும்பி வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அன்றைக்குப் போகாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரை ஒரு நாளும் கேட்டதில்லை. மார்க்கெட்டுக்குப் போனாலும் கேட்க மாட்டேன்.

"அத்த ஏன் கேக்குற?" என்றார் அவர்.

"நான் கேக்கல அண்ணாத்த, மிஷின் கேக்குது."

"தெனம் கேக்குமா?"

"ஒவ்வொரு வாட்டி போடறப்பவும் கேக்கும்."

"கெளம்பறப்பவே கேக்குமா?"

"கெளம்பறப்பத்தான கேக்கணும்? போய்ச் சேந்தப்புறம் கேட்டா இன்னா பிரயோஜனம்?"

"வழி சொல்றதுதான அதுக்கு வேல. வழியச் சொல்லட்டும். நான் எங்க போனா அதுக்கு இன்னா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். வாங்காமல் வந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் அவர் ஹார்பருக்குப் போய் வேறொரு ஜி.பி.எஸ். கொண்டுவந்தார். அவருடைய கூட்டாளி தன் லாஞ்சுக்குப் புதிதாகப் பெரியது வாங்கியதால் பழையதைக் கொடுத்திருந்தார். கையில் பிடிக்கிற சைஸ், உப்பு படாமலிருக்க பிளாஸ்டிக் கவர் சுற்றியிருந்தது. அதில் தெரு கிடையாது. கறுப்புத் திரை, ஓர் அம்பு, எத்தனை தூரம் என்று ஒரு நம்பர். நாம் நிற்கிற இடத்திலிருந்து போகிற இடம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், அவ்வளவுதான் காட்டும். கடலில் அது போதும், நடுவில் ஒன்றும் இல்லை.

"இது ஒண்ணும் கேக்காது" என்றார்.

மகன் பார்த்துவிட்டு, "நைனா, இது கடல்ல ஓட்றது" என்றான்.

"பூமி ஒண்ணுதான்டா" என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு லீவு. அவனே எங்களைக் காரில் பெரும்பாக்கம் கூட்டிப்போனான். மகள் வீட்டு பில்டிங்குக்குக் கீழே நின்று இவர் மிஷினை அமுக்கி, அந்த இடத்தை உள்ளே ஏற்றினார். பேர் போடவில்லை. லாஞ்சு டிரைவர்கள் மீன் கிடைக்கிற இடத்துக்குப் பேர் போட மாட்டார்கள், பக்கத்து லாஞ்சுக்காரன் பார்த்துவிடுவான். நம்பர்தான், எந்த நம்பர் எந்த இடம் என்பது டிரைவர் மனசுக்குள் இருக்கும். மகள் வீட்டுக்கு ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு, கூட்டாளிக்கு வஞ்சிரம் கிடைக்கிற இடம்.

அடுத்த முறை நாங்கள் இரண்டு பேராகக் கிளம்பினோம். ஒன்பது மணிக்கு ஐம்பத்தேழைப் போட்டார். இருபத்து நாலு கிலோமீட்டர் என்று காட்டியது. "பாத்தியா, உம் புள்ள முப்பத்தஞ்சுன்னான்" என்றார். கடற்கரைச் சாலை வரைக்கும் நன்றாகப் போனது. பிறகு அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அந்தப் பக்கம் எந்தத் தெரு போகிறதோ, அதில் திரும்பினார். ஒரு தெரு சுவரில் முடிந்தது. ஒரு தெரு மாட்டுக் கொட்டகையில் முடிந்தது. ஒன்று கல்யாண மண்டபத்துக்குள் போய் முடிந்தது. வாசலில் நின்ற பெண்கள் கண்ணாடி வழியாகப் பன்னீர் தெளித்தார்கள். இவர் கும்பிடு போட்டுவிட்டுப் பின்னால் எடுத்தார்.

ஆனால் நம்பர் குறைந்துகொண்டே வந்தது, அதை மறுக்க முடியாது. பன்னிரண்டு, எட்டு, ஐந்து. பன்னிரண்டரை மணிக்கு இரண்டே முக்கால் கிலோமீட்டர் என்று காட்டியபோது ரோடு தீர்ந்துவிட்டது. முன்னால் பள்ளிக்கரணைச் சதுப்பு. தண்ணீரும் கோரையும் நாரையும். அதற்கு அந்தப் பக்கம் மகள் இருக்கிற பில்டிங்குகள் வரிசையாகத் தெரிந்தன. அம்பு நேராக அவற்றைக் காட்டிக்கொண்டு நின்றது. மிஷின் மேல் தப்பே சொல்ல முடியாது.

வீட்டுக்காரர் இறங்கித் தண்ணீரைப் பார்த்தார். "முட்டி ஆழம்தான். ஒரு கட்டுமரம் இருந்தா அர மணி நேரம்" என்றார்.

அப்போது மகளிடமிருந்து போன் வந்தது. "மா, எங்க வர்றீங்க?"

"பக்கத்துலதான்" என்றேன். பொய் இல்லை.

"பத்து மணிலேர்ந்து பால்கனிலயே நிக்கிறேன். தம்பிக்குப் போன் போடட்டா?"

"வேணாம், வேணாம். அவனுக்குப் போடாத" என்று வைத்துவிட்டேன்.

போன் கையிலேயே இருந்தது. மகனுக்குப் போட்டால் வந்துவிடுவான், அப்புறம் கார் இருக்காது. போடாவிட்டால் யாரையாவது கேட்க வேண்டும். அவர் கேட்க மாட்டார், காரின் முன்பக்கத்தைத் திறந்து, சரியாக இருக்கிற இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டோரம் ஒரு பெண் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் வைத்திருந்தாள். நான் போய் அவள் வண்டி பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். அவள் நான்கு பழத்தை நிறுத்து, நறுக்கி, மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டேன்.

"இன்னா ஆயா, வேற இன்னா வேணும்?"

பில்டிங்குகளைக் கை காட்டி, "அங்க போவணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். மறுபடி சொன்னேன்.

"தோ தெரியுதே."

"தெரியுது. போறதுக்கு வழி தெரில."

"கார்ல மிஷின்லாம் மாட்டிவெச்சிக்கினு கொய்யாப்பழக்காரிய கேக்குற?"

"அது கடல் மிஷினு."

அவள் என்னையும் பார்த்தாள், தண்ணீரையும் பார்த்தாள். "அப்ப போட்ல வந்துருக்கணும்" என்றாள். பிறகு தூரத்தில் ஸ்டாப்பில் நின்ற ஒரு பஸ்ஸைக் காட்டினாள். "அது அங்கதான் போவுது. அது பின்னாடியே போ. அது திரும்பனா திரும்பு."

அவரிடம் போய், "அந்த பஸ்ஸு பின்னாடி போயா" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இன்ஜினை மூடிவிட்டு வந்து எடுத்தார். பஸ் நின்ற எல்லா ஸ்டாப்பிலும் நாங்களும் நின்றோம். ஓரிடத்தில் ஒரு பெண் எங்கள் கண்ணாடியைத் தட்டி, மேடவாக்கம் போகுமா என்று கேட்டாள். ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மகளுக்குப் பால்கனியில் நின்று நின்று கால் வீங்கியிருந்தது. சாப்பிட்டிருக்கவும் இல்லை.

சாயங்காலம் மகன் என்னிடம், "எத்தினி மணிக்கு மா போய்ச் சேந்தீங்க?" என்றான். சொன்னேன். ஒன்பதிலிருந்து ஒன்றரை வரைக்கும் அவன் மனசுக்குள் எண்ணுவது தெரிந்தது. "அடுத்த வாட்டியும் பாக்குறேன். அதான் கடைசி" என்றான்.

செவ்வாய்க்கிழமை நான் தனியாக வண்ணாரப்பேட்டை போனேன். நடந்தேதான் போனேன், நடப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். "பாய், அந்த ரெண்டாவது" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கடையில் போய் நின்றதும் பாய் என்னைப் பார்த்துவிட்டு, நான் சொல்வதற்குள் எடுத்து வைத்தார்.

"அண்ணாத்த வர்லியாம்மா?"

தலையாட்டினேன்.

"போற எடத்த இப்பவே உள்ள ஏத்திட்றேன். நீ வண்டில ஏறினதும் இந்த வூடு மாதிரி படம் கீது பாரு, அத்த ஒரு அமுக்கு. அவ்ளோதான். அட்ரஸ் சொல்லு."

சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடையில் நின்ற இன்னொரு ஆளும் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனாலும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் காரில் ஏறினேன். ரப்பர் கிண்ணத்தைக் கண்ணாடியில் அழுத்தி, ஒயரைச் சொருகி, எங்கே என்று கேட்கிற வரி வந்ததும் வீட்டுப் படத்தை அமுக்கினேன். வீட்டுக்காரர் வெளியே டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு டயரையும் இரண்டிரண்டு தடவை தட்டினார். பெட்டி, "முந்நூறு மீட்டரில் இடது புறம் திரும்பவும்" என்று சொன்ன பிறகுதான் கதவைத் திறந்து ஏறினார். பெட்டி ஏது, எப்போது வாங்கினாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "மரியாதையாத்தான் பேசுது" என்றார்.

எட்டேகாலுக்குக் கிளம்பினோம். இரண்டு இடத்தில் அவர் அது சொன்னதைக் கேட்கவில்லை. அது கோபித்துக்கொள்ளாமல் வேறு வழி சொன்னது. சதுப்பை நாங்கள் பார்க்கவே இல்லை. ஒன்பதே முக்காலுக்கு மகள் பில்டிங்குக்குக் கீழே நின்றோம்.

பால்கனியில் யாரும் இல்லை. லிப்ட் வேலை செய்யவில்லை, நின்று நின்று ஆறு மாடி ஏறினோம். கதவு பூட்டியிருந்தது. போன் போட்டால், உள்ளே மணி அடிக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தோம். எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "மார்க்கெட் போயிருக்கு. அவங்க அம்மாப்பா வர ஒரு மணி ஆவும்னு சொல்லிட்டுதான் போச்சு" என்றாள். மகள் எதிர்வீட்டில் பேசுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்து மகள் காய்ப் பையோடு மேலே வந்தாள். எங்களைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள். தக்காளி ஒவ்வொரு படியாக இறங்கிப் போயிற்று.

"யாருக்கு இன்னா ஆச்சு?" என்று அழ ஆரம்பித்தாள். "தம்பிக்கா? சொல்லு நைனா, தம்பிக்கு இன்னா?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல" என்றார் அவர்.

"பொய் சொல்லாத. பத்து மணிக்கே வந்து உக்காந்துனுகீறீங்க."

அவள் எங்களை நம்பவில்லை. உள்ளே ஓடிப் போனை எடுத்து மகனுக்குப் போட்டாள். அவன் குரலைக் கேட்ட பிறகுதான் அழுகை நின்றது. அவனும் நம்பவில்லை, நைனாவிடம் கொடு என்றான். இவர் போனை வாங்கி, "ம்" என்றார், "ஆமா" என்றார், "ஒண்ணே முக்கா மணி நேரம்கூட ஆவல" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாவாம்?" என்றேன்.

"வண்டிய சர்வீஸுக்கு உட்டு ரொம்ப நாளாச்சாம். அடுத்த வாரம் அவனே எடுத்துனு போறானாம்" என்றார். பிறகு படியில் இறங்கி, இரண்டாவது மாடி வரைக்கும் போய், தக்காளியைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.